குளம் வடியவில்லை

காலை ஒன்பது மணிக்குப் பூங்காக் குளத்தின் அளவுகோலில் தண்ணீர் தொண்ணூற்றொன்றில் நின்றது. அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தாள். தொண்ணூற்றொன்றுதான். ஒரு சென்டிமீட்டர் இப்படி அப்படிக்கூட இல்லை.

மழை நின்றது விடியற்காலை இரண்டு மணிக்கு. ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. காகிதத்தில் எழுதியிருக்கிறபடி இந்த மண் மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அப்படியானால் இந்நேரம் முப்பத்தைந்து குறைந்திருக்க வேண்டும். குளத்தின் கரையில் ஈரக் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். விரல் அகலத்துக்கு ஒரு கோடு இருந்தது. அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது.

அந்த ஐந்து சென்டிமீட்டர் என்ற கணக்கு வேறு யாருடையதும் இல்லை, அவளுடையது.

வடிகால் அலுவலகத்தில் அவளை எல்லோரும் வளையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய இரும்பு வளையம் ஒன்று, அதற்குள் சின்ன வளையம் ஒன்று. இரண்டையும் சம்மட்டியால் தரையில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. "கல்யாணமாகி இருபத்தி ரெண்டு வருஷத்துல இவரு ஒரு வளையல் வாங்கித் தரல. ஆபீஸ்ல மூணு ஜோடி குடுத்திருக்காங்க, ஒவ்வொண்ணும் பன்னெண்டு கிலோ" என்று புருஷனை வைத்துக்கொண்டே சொல்லிச் சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் வளையத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடி, உள்ளதைக் காட்டு ஆண்டவனே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வேறொன்றும் கேட்கமாட்டாள்.

ஊரின் மழைநீர்த் திட்டம் மொத்தமும் நான்கு விஷயத்தில் அடங்கிவிடும். வானம் எவ்வளவு கொடுக்கிறது, வெயிலும் செடிகொடியும் எவ்வளவைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றன, மண் எவ்வளவு குடிக்கிறது, மிச்சம் எவ்வளவு. அந்த மிச்சத்துக்கு வழி செய்து கொடுத்துவிட்டால் தண்ணீர் யார் வீட்டுக்குள்ளும் வராது. முதலாவது மழைமானியிலிருந்து வரும். இரண்டாவது பொறியாளரின் கணக்கிலிருந்து வரும். மூன்றாவது வளையக்கா கொடுக்க வேண்டும்.

பூங்காவின் தாழ்ந்த பக்கத்தில் இந்தக் குளத்தை வெட்டி மூன்று மாதம் ஆகிறது. மூன்று தெருத் தண்ணீர் இதில் வந்து விழும். குளத்தின் கீழ்க்கரைக்கு அந்தப் பக்கம், கரையைவிடத் தணிவாக, பதினான்கு வீடுகள் ஒட்டினாற்போல் நிற்கின்றன. கீழ்வரிசை என்று பேர். முதலில் அந்தக் கரையின் அடியில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் பெரிய வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மண்ணே குடித்துவிடும் என்று கணக்கு வந்ததும், வாய்க்காலுக்கு எதற்கு வீண் பாரம் என்று குழாயின் வாயில் செங்கல் சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். குளம் நூற்றைம்பதைத் தொட்டால் கரை வழியும். வழிந்தால் போகிற இடம் கீழ்வரிசைதான்.

இன்று மதியத்துக்கு மேல் கனமழை என்று வானிலை அலுவலகம் சொல்லியிருந்தது.

"என்ன தங்கச்சி, காலங்காத்தால குளத்துல முகம் பாக்குறியா?"

பூங்காத் தோட்டக்காரர் குடையை இடுக்கிக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர். தோட்ட வேலையோடு பூங்காவின் மழைமானியைத் தினமும் காலை எட்டு மணிக்குப் படித்து நோட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பு. கீழ்வரிசையில் முதல் வீடு அவருடையது. இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாகக் கட்டிலைவிட்டு இறங்காத மனைவி அந்த வீட்டின் முன்னறையில் படுத்திருக்கிறார்.

"எத்தனைண்ணே பதிவாச்சு?"

"நாப்பத்தெட்டு மில்லி. முந்தா நாள் முப்பத்தொண்ணு. எழுதி வச்சுட்டேன்." அவர் குளத்தை எட்டிப் பார்த்தார். "நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்து பாத்தேன், தொண்ணூத்தி ரெண்டு இருந்துச்சு. இது இறங்குற மாதிரி தெரியலயே தங்கச்சி. இங்க களிமண்ணு. காஞ்சா கல்லு, நனைஞ்சா மெழுகு. முப்பது வருஷமா நான் இதோட மல்லுக்கு நிக்கிறேன். நீ அன்னைக்கு அளந்தப்ப மட்டும் எப்படி அப்படிக் கடகடன்னு குடிச்சுது?"

"அதான்ணே எனக்கும் புரியல."

தோட்டக்காரர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். எதையோ நினைத்துப் பார்க்கிற முகம்.

"ஒருவேளை நான் கொத்தி விட்டதால இருக்குமோ?"

"என்னது?"

"நீ அளக்கறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து, காஞ்சு கிடந்த குளத்துக்குள்ள மூணு இடத்துல முளைக்குச்சி அடிச்சுட்டுப் போனியே. அதுக்கு முன்னால அந்தப் பக்கத்துத் திடல்ல நீ வளையம் அடிச்சத நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தோள்பட்டையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்துட்ட. எனக்கு மனசு கேக்கல. குச்சி இருந்த மூணு இடத்தையும் ஒரு கடப்பாரை ஆழத்துக்குப் பொலபொலன்னு கொத்தி விட்டேன். பூங்கா அலங்கோலமா இருக்கக் கூடாதுன்னு புல்லுப் பத்தைய அப்படியே எடுத்து மேல வச்சுத் தட்டி விட்டுட்டேன். சொன்னா நீ வேணாம்பன்னு சொல்லல." அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "ஏம்மா? தப்பாயிடுச்சா?"

அவள் குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நாள் கண்முன் வந்து நின்றது. இந்த மாதிரி இறுகிய மண்ணில் வளையத்தை இறக்க நாற்பது ஐம்பது தடவை சம்மட்டி விழ வேண்டும். அன்றைக்கு நாலே தடவையில் இறங்கிவிட்டது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. முதல் இடத்தில் மட்டுமல்ல, மூன்றிலும். அவள் கைக்குத் தெரிந்தது, இது இயல்பான மண் இல்லை என்று. தோள் வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். மேலே புல் பசேலென்று இருந்தது. படிவத்தில் 'மண்ணின் நிலை' என்ற இடத்தில் 'கலைக்கப்படாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புல் இருந்ததே, பொய்யில்லையே என்று மனசு அப்போதே ஒரு சமாதானம் சொன்னது. மனசு சமாதானம் சொல்ல ஆரம்பித்தாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள்.

"தப்பு உங்க மேல இல்லண்ணே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "நான் ஆபீஸுக்குப் போறேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க. அண்ணியோட மருந்து, போர்வை எல்லாத்தையும் உயரத்துல எடுத்து வைங்க."

தோட்டக்காரரின் முகம் வெளுத்தது. விடுவிடுவென்று கீழ்வரிசைப் பக்கம் நடந்தார்.

அவள் உடனே கிளம்பவில்லை. அலுவலகத்தில் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது. குளத்துக்குள் தண்ணீர் வந்து விழும் மூன்று ஓடையும் சொட்டுச் சொட்டாக அடங்கிவிட்டதை நடந்துபோய்ப் பார்த்தாள். அளவுகோலுக்குப் பக்கத்தில் தன் மில்லிமீட்டர் கோலையும் நட்டாள். ஒரு மணி நேரம் கண்கொத்திப் பாம்பு மாதிரி உட்கார்ந்து பார்த்தாள். இனி தனியாக வளையம் அடிக்கத் தேவையில்லை. இந்தக் குளமே ஒரு பெரிய வளையம்தானே.

பத்து மணிக்குத் தண்ணீர் மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. ஐம்பது இறங்க வேண்டிய இடத்தில் மூன்று.

*

பொறியாளரின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க ஊர் வரைபடம். அதில் பூங்காக் குளம் நீலத்தில் தீட்டப்பட்டு, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் ஒட்டப்பட்டிருந்தது; அது அவருடைய முதல் சொந்தத் திட்டம். நாற்பது வயது மனிதர், கோபம் வந்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்.

"மூணு மில்லியா? அளவுகோல் சாஞ்சிருக்கும்க்கா."

"என் கோலையும் நட்டுப் பாத்துட்டேன் சார்."

"எங்கேயாவது தண்ணி உள்ள வந்துக்கிட்டே இருக்கும். ஓடை கசியும்."

"மூணு ஓடையும் நின்னுடுச்சு. நடந்து போய்ப் பாத்தேன்."

"அப்ப அம்பதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க! மூணு இடத்துலயும் அம்பது, அம்பத்தி ரெண்டு, நாப்பத்தெட்டு. அத வச்சுத்தான் நான் குழாய அடைக்கச் சொன்னேன். பேனா மூடி மாதிரி திறந்து திறந்து மூடவா முடியும்?" அவர் கையிலிருந்த மூடி மேஜைக்குக் கீழே உருண்டது.

அவள் நின்றபடியே சொன்னாள். மண் கொத்தப்பட்டிருந்தது. வளையம் நாலே தடவையில் இறங்கியது. அது தனக்குத் தெரிந்தது. எழுதவில்லை.

பொறியாளர் திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கணினிப் பக்கம் திரும்பித் தன் கணக்கைத் திறந்தார். ஐம்பது இருந்த இடத்தில் மூன்று என்று போட்டார். திரையில் நீலக் கோடு விறுவிறுவென்று ஏறி, கரை மட்டத்தைக் காட்டும் சிவப்பைத் தாண்டிப் போய் நின்றது. அவர் கண் இன்னொரு வரியில் நிலைகுத்தியது.

"அட கடவுளே" என்றார் மெதுவாக.

"என்ன சார்?"

"வெயிலும் செடியும் எடுத்துக்கறது. ஒரு நாளைக்கு ஆறு மில்லின்னு வச்சிருக்கேன். இது கோடைக் கணக்கு. இந்த மேகமூட்டத்துல ஒரு மில்லிகூடப் போகாது. அவசரத்துல மாத்தாம விட்டிருக்கேன்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "பெரிய வித்தியாசமில்ல. ஆனா தப்பு தப்புதான். நான் இப்ப உங்களத் திட்டணும்னுதான் வாயத் திறந்தேன் அக்கா."

"திட்டுங்க சார். ஆனா நடந்துக்கிட்டே திட்டுங்க. மேடத்துக்குப் போன் போடணும்."

தலைமைப் பொறியாளர் ஊரின் மறுகோடியில் நீரேற்று நிலையத்தில் இருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம்தான். போனில் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"குழாயத் திறக்கறதா? வாய்க்கால் ஏற்கெனவே முக்கால் நிரம்பி ஓடுது. வாய்க்கால் ஓரத்துல இருக்கிறவங்களும் மனுஷங்கதான். அங்க நீங்க தண்ணியத் தள்ளிவிட்டு, அப்புறம் இங்க மண்ணே குடிச்சிருக்கும்னு தெரிஞ்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? ரிப்போர்ட்ல கலைக்கப்படாத மண்ணுன்னு கையெழுத்து இருக்கே."

"அந்தக் கையெழுத்து என்னுது மேடம்" என்றாள் வளையக்கா. "அது பொய். மண்ணு கொத்தியிருந்துச்சு."

மேடத்தின் குரல் இயந்திர இரைச்சலை மீறி வந்தது.

"யாரு கொத்துனது?"

அவள் தயங்கினாள். தோட்டக்காரருக்கு ஓய்வு பெற மிச்சமிருந்த ஒரு வருடம் நினைவுக்கு வந்தது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "கொத்துனவங்க கெட்டது நெனச்சுக் கொத்தல. அவங்களுக்கு இந்த டெஸ்ட் என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும். கை உணர்ந்துச்சு, மறைச்சுட்டேன். மண்ணு மூணு மில்லிதான் குடிக்குது மேடம். இது சத்தியம். இத உறுதியாச் சொல்லத்தான் நான் வந்தேன்."

"சார் என்ன சொல்றாரு?"

"என் கணக்குலயும் தப்பு இருக்கு மேடம்" என்றார் பொறியாளர். "சாயங்காலம் நாலு மணிக்குள்ள கரை வழியும்."

மறுமுனையில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சுவர்ல மேல் பாதிய மட்டும் இடிங்க. கீழ் பாதி நிக்கட்டும். வாய்க்கால் அத தாங்கும். உத்தரவு எழுத்துல வருது. நான் கிளம்பி வர்றேன். நாளைக்குப் பத்து மணிக்கு ரெண்டு பேரும் எழுத்து விளக்கத்தோட என் ரூம்ல இருக்கணும்."

*

பன்னிரண்டரைக்கு மழை பிடித்துக்கொண்டது. கொத்தனார் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றேகால். சுவரைக் கட்டியவரே அவர்தான். மழைக்கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "போன மாசம் நல்லாக் கட்டு, நல்லாக் கட்டுன்னு தலையில நின்னீங்க. இப்ப நல்லா இடின்னு நிக்கிறீங்க. உங்க ஆபீஸ்ல என்னதான் வேணும்?" என்றார்.

"இடிச்சிட்டுப் பேசு சாமி" என்றாள் வளையக்கா.

கரையின் வெளிப்பக்கத்தில் ஓர் ஆழமான தொட்டி. அதில் இறங்கித்தான் குழாயின் வாய்க்குப் போக முடியும். ஓர் ஆள்தான் நிற்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் குளத்தின் மொத்தப் பாரமும் சாய்ந்து நிற்கிறது. சுவர் உடைகிற நொடியில் உள்ளே இருப்பவனைத் தண்ணீர் அடித்துக் குழாய்க்குள் இழுத்துப் போய்விடும். கொத்தனாரின் இடுப்பில் கயிறு கட்டினார்கள். மறுமுனையைக் கரைமேல் இருந்த மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வளையக்காவும் தோட்டக்காரரும் பிடித்துக்கொண்டார்கள். மனைவியை அசைத்தாலே வலிக்கும், குழாய் திறந்துவிட்டால் தூக்கவே வேண்டாம் என்று நம்பி, தோட்டக்காரர் கூப்பிடாமலே வந்து நின்றிருந்தார்.

பொறியாளர் அளவுகோலைப் பார்த்துக் கத்தினார். "நூத்திப் பன்னெண்டு!"

உளி கல்லில் பட்டது. டங். டங். மழை இரைச்சலில் அந்தச் சத்தம் குடத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது. முதல் செங்கல் அசைய இருபது நிமிடம் ஆனது.

"சிமெண்ட்ட ஏய்யா இவ்வளவு போட்ட?" என்று தோட்டக்காரர் கத்தினார்.

"என் கை அப்படி! அரைகுறையா வேல செய்ய எனக்கு வராது!" கீழேயிருந்து பதில் வந்தது.

மூன்று தெருத் தண்ணீரும் இப்போது ஓடைகளில் பழுப்பாகப் பாய்ந்து விழுந்தது. குளத்தின் மேற்பரப்பு கொதிப்பது மாதிரி துள்ளியது. நூற்றிருபத்தைந்து. நூற்று முப்பத்தெட்டு. கொத்தனார் இரண்டு செங்கல்லைப் பெயர்த்திருந்தார். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் கை பருமனுக்குப் பீய்ச்சி அடித்து அவர் முகத்திலேயே விழுந்தது. அது போதாது. வருவது ஆறு மாதிரி வருகிறது.

"நூத்தி நாப்பத்தாறு!"

தோட்டக்காரர் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.

"நீங்க போங்கண்ணே. அண்ணியத் தூக்குங்க. நான் புடிச்சுக்கறேன்."

"உன் தோளு தாங்காது. கீழ இருக்கிறவன் உயிரு இந்தக் கயித்துல இருக்கு." அவர் பல்லைக் கடித்தார். "விட்டுட்டுப் போக முடியாது தங்கச்சி."

பொறியாளர் அளவுகோலை விட்டு ஓடிவந்தார். கண்ணாடி முழுக்க நீர். "முதல் வீடுதானே? கதவு திறந்திருக்கா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கரைச் சரிவில் வழுக்கி, விழுந்து, எழுந்து, செருப்பு ஒன்று போன இடம் தெரியாமல் கீழ்வரிசைக்கு ஓடினார்.

அவர் போன சில நிமிடத்தில் கரை வழிந்தது. பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. விளிம்பில் ஒரு கண்ணாடித் தகடு மடிகிற மாதிரி தண்ணீர் அமைதியாக மடிந்து, சரிவில் இறங்கி, முதல் வீட்டின் வாசலைப் பார்த்துப் போனது. வளையக்கா கண்ணை மூடவில்லை. இவர்களைக் காப்பாற்று என்று மட்டும் உதடு அசைந்தது. தன்னை என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அசையுது! அசையுது!" கீழேயிருந்து கத்தல்.

"ஏறிடு! போதும், ஏறிடு!"

"இன்னும் ஒரே ஒரு..."

சுவரின் மேல் பாதி ஒட்டுமொத்தமாகப் பெயர்ந்தது. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். கயிறு விண்ணென்று இறுகி மரப்பட்டையை அறுத்தது. அவள் தோளில் நெருப்பு வைத்தது போலிருந்தது. கால் சேற்றில் ஒரு முழம் இழுபட்டது. தோட்டக்காரர் மரத்தில் காலை உதைத்து மல்லாந்து கிடந்து பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இழுத்தார்கள். தொட்டியின் விளிம்பில் முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு மழைக்கோட்டு. பிறகு இருமிக்கொண்டே திட்டுகிற கொத்தனாரின் தலை.

"உளி போச்சு! புது உளி!" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சேற்றிலேயே படுத்துக்கொண்டார்.

கரையின் அடியில் குழாய் உறுமியது. வளையக்கா அளவுகோலிடம் தவழாத குறையாகப் போனாள். நூற்றைம்பத்திரண்டு. பார்த்துக்கொண்டே நின்றாள். நூற்றைம்பத்திரண்டு. மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழாய் விழுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் சரிசமமாக நின்று மல்லுக்கட்டின. கால் மணி நேரம் கழித்து நூற்றைம்பத்தொன்று. அப்புறம் விளிம்பில் மடிந்த தண்ணீர்த் தகடு நடுவில் கிழிந்து, இரண்டு ஓரத்திலும் மெலிந்து, நின்றுபோனது.

*

கீழ்வரிசைக்கு அவள் இறங்கியபோது முதல் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணீர். மற்ற வீடுகளில் வாசற்படியோடு நின்றுவிட்டது. கட்டில் காலியாக இருந்தது. எதிர்ச்சாரியில் ஒரு வீட்டு மாடிப்படியில், ஏழெட்டுப் படி உயரத்தில், தோட்டக்காரரின் மனைவி நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குடை பிடித்திருந்தார்கள். கீழ்ப்படியில் பொறியாளர் ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இந்த எஞ்சினியரு என்னத் தூக்கறப்ப எடை என்னன்னு கேக்குறாரும்மா" என்றார் அந்த அம்மா. வலியில் முகம் சுண்டியிருந்தது, வாய் மட்டும் சுண்டவில்லை. "கணக்குப் போட்டுத் தூக்குவாராம். தண்ணி கால நனைக்குது, இவரு கணக்குப் போடறாரு."

"சும்மா பயத்துல கேட்டுட்டேங்க" என்றார் பொறியாளர்.

மேடத்தின் ஜீப் வந்து நின்றது. அவர் முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். வருகிற வழியில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கரையில் நடந்ததைப் பொறியாளர் போனில் சொல்லியிருந்தார். "அங்க இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கு. தாங்கும்" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு வளையக்காவைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன் தோட்டக்காரர் முன்னால் வந்தார்.

"கொத்துனது நான்தாம்மா. இந்தப் பொண்ணுக்குத் தோள்வலின்னு கொத்தி விட்டேன். என் வீட்டுக்கே தண்ணி கொண்டு வந்துட்டேன். என்ன செய்யணுமோ செய்யுங்க."

மேடம் வளையக்காவை விட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு நீங்களும் வந்து, இப்பச் சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க" என்றார். கடுமையாகத்தான் சொன்னார். "விசாரணை நடக்கும். அத நான் நிறுத்த முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "விசாரிக்கறப்ப யாரு கயிறு புடிச்சதுன்னும் எழுதறதுக்கு இடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குழாயைப் பார்க்கக் கரைமேல் ஏறினார்.

தோட்டக்காரர் தலை குனிந்து நின்றார். "இனிமே நான் எதுலயும் கை வைக்கமாட்டேன் தங்கச்சி. நல்லது செய்யறேன்னு போயி..."

வளையக்கா அவரைப் பார்த்தாள். அன்றைக்கு அவர் கொடுத்தது அன்பு. அதில் குறை ஒன்றும் இல்லை. அதை வாங்கிக்கொண்டவள், வாங்கியதாகச் சொல்லாமல் மூடி வைத்தாளே, அங்கேதான் தண்ணீர் தேங்கியது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் படிமேலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஏம்மா, அவர ஏசணும்னா நல்லா ஏசு. அப்படியே இனிமே செய்யாதீங்கன்னு மட்டும் சொல்லிடாத. இந்த மனுஷனுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ரெண்டு வருஷமா என்னப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கிற கையி அது."

"ஏச மாட்டேன் அண்ணி" என்றாள் அவள். தோட்டக்காரர் பக்கம் திரும்பினாள். "செய்யுங்கண்ணே. செஞ்சுட்டு என்கிட்டச் சொல்லிடுங்க, அது போதும். நானும் இனிமே கையில தெரியறத எழுதிடறேன்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்தாரா, மழையைத் துடைத்தாரா தெரியவில்லை.

"மெத்தை அடியில நனைஞ்சிருக்கும்" என்றார். "தூக்கிச் சாத்தி வைக்கணும். இருட்டறதுக்குள்ள அவள உள்ள கொண்டுவரணும்."

"வாங்க. நீங்க தலைமாட்டுப் பக்கம் புடிங்க. எனக்கு வலது தோளு தூக்க வராது, இடது கையாலதான் புடிப்பேன்."

"சொல்லிட்டியே, அது போதும்" என்றார் அவர். இரண்டு பேரும் தண்ணீரைக் காலால் விலக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்கள். பின்னாலேயே ஒற்றைச் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு பொறியாளர் வந்தார்.